சாவி கைமாறும் நாள்: ஒப்பந்தக் காலம் முடியுமுன் வாடகை வீட்டைக் காலி செய்வதும் அட்வான்ஸ் பணமும்

1. நாள்காட்டித் தாளில் ஒரு கணக்கு

2022 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னையின் தெற்குப் புறநகரில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் என் நண்பர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பதினொரு மாத ஒப்பந்தத்தில் அது ஏழாம் மாதம். திருநெல்வேலியில் தந்தைக்குப் பக்கவாதம் வந்து, குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டிய நிலை. சாமான்கள் வண்டியில் ஏறியபின் வீட்டுக்காரர் வந்தார். அறை அறையாகப் போய்ச் சுவரில் ஆணி அடித்த இடங்களை விரலால் தடவி எண்ணினார். குழாய்களைத் திறந்து மூடினார். பிறகு நாள்காட்டியில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் எழுதத் தொடங்கினார்.

அட்வான்ஸ் 1,50,000. பாதியில் போவதற்கு இரண்டு மாத வாடகை 30,000. பெயின்டிங் 15,000. குழாய், மின்விளக்கு, ஈ.பி. பில் 3,200. மிச்சம் 1,01,800. நண்பர் ஒரு வார்த்தை பேசாமல் சாவிக்கொத்தைக் கொடுத்தார். கீழே வண்டி ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் அந்த வீட்டில் வேறொரு குடும்பம் பால் காய்ச்சியது. மாத வாடகை 16,500. பழைய வாடகையைவிட 1,500 கூடுதல். எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் எங்களுக்கு இது தெரிந்தது. வீடு பூட்டிக் கிடந்தது ஒன்பது நாள். பழைய வாடகைப்படி அதற்கான தொகை 4,500 ரூபாய். பிடித்துக்கொண்டதோ, சில்லறைச் செலவுகளை விட்டுவிட்டாலும், 45,000.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள 40,500 ரூபாய் யாருடையது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று, ஆகவே வீட்டுக்காரருடையது என்பது பரவலான புரிதல். படித்தவர்கள், வழக்கறிஞர்கள் சிலர்கூட அப்படியே சொல்கிறார்கள். அந்தப் புரிதலைச் சட்டம், வழக்கம், பிறநாட்டு அனுபவம் ஆகிய மூன்றின் முன்னும் வைத்துப் பார்க்கும்போது அது நிற்கவில்லை என்பது என் வாதம். அப்படியிருந்தும் பணம் திரும்பி வருவதில்லை. அதற்கான காரணம் அந்த நாள்காட்டித் தாளிலேயே இருக்கிறது: கணக்கை எழுதும் பேனா பணத்தை வைத்திருப்பவர் கையில் இருந்தது.

2. போக மறுப்பவர் என்ற பிம்பம்

சென்னையில் வாடகைச் சட்டங்களின் வரலாறு இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. போர்க்கால வீட்டுத் தட்டுப்பாட்டில் வாடகை ஏறாமல் இருக்க 1941இல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1946இலும் 1949இலும் சட்டங்களாகி, 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்றது. அறுபது ஆண்டுகளுக்கு நெருக்கமாக இந்த 1960 சட்டமே தமிழ்நாட்டு வாடகை உறவை ஆண்டது.

இச்சட்டத்தின் அக்கறை இரண்டு: நியாய வாடகை, வெளியேற்றம். வீட்டுக்காரர் எந்தெந்தக் காரணத்துக்காகக் குடியிருப்பவரை வெளியேற்றலாம் என்பதைச் சட்டம் விரிவாக வகுத்தது. நீதிமன்றங்கள் அதன்மேல் ஆயிரக்கணக்கான தீர்ப்புகளை எழுதின. தாமாகவே போக விரும்பும் குடித்தனக்காரரைப் பற்றி அது பெரிதாகக் கவலைப்படவில்லை. பழைய வாடகையில் இருந்தவர் போவது வீட்டுக்காரருக்குத் திருவிழா அல்லவா? அதை ஏன் சட்டம் தடுக்கப் போகிறது, ஏன் ஒழுங்குபடுத்தப் போகிறது? வாடகைக்கு இருப்பவர் என்றாலே போக மறுப்பவர் என்ற பிம்பம் இப்படித்தான் நம் சட்டச் சிந்தனையில் உறைந்தது. நம் பேச்சு வழக்கிலும் அது இருக்கிறது. ‘வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க’ என்ற வாக்கியம் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். ‘காலி பண்ண விடமாட்டேங்கிறாங்க’ என்று ஒருவர் சொன்னால் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்வோம்.

ஆனால் அதே 1960 சட்டத்தில், இன்று எவரும் நினைவுகூராத ஒரு வரம்பு இருந்தது. ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அதற்கு மேல் வாங்கியிருந்தால், மிகுதியை வாடகை பாக்கிக்கு ஈடுசெய்ய வேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்று 1996இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கொன்றில் சொன்னது. சட்டம் ஒரு மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வழக்கமாக வேரூன்றியது. மும்பையில் இருந்தோ டெல்லியில் இருந்தோ வருபவர்கள் திகைத்துப் போகும் வழக்கம் இது. பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் திகைப்பு இருக்காது. சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் இடையிலான இந்தப் பத்து மடங்கு இடைவெளியை நீதிமன்றத்துக்கு வெளியே யாரும் பெரிதாகக் கேள்வி கேட்டதில்லை.

3. பதினொரு மாதம்

நண்பரின் ஒப்பந்தத்தைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்தது. நான்காம் பத்தியில் குடியிருப்பவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அதற்கு முன்பு அந்த வீட்டில் இருந்தவரின் பெயர் இருந்தது. தட்டச்சுக் கடையில் பழைய கோப்பைத் திறந்து பெயர்களை மாற்றும்போது அந்த ஓரிடம் விடுபட்டிருக்கிறது. இரு தரப்பும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட விதிகள் என்று சட்டம் கருதும் ஆவணத்தின் உண்மை நிலை இது.

பதினொரு மாதம் என்ற எண் எங்கிருந்து வந்தது? 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவில், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 107ஆம் பிரிவில் அதையே வேறு சொற்களில் சொல்கிறது. பதிவுக் கட்டணத்தையும் அலுவலக அலைச்சலையும் தவிர்க்கத்தான் ஒரு மாதம் குறைத்து எழுதுகிறோம். ஆக, பதினொரு மாதம் என்பது குடியிருக்க விரும்பும் காலத்தின் அளவே அல்ல. பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஐந்து ஆண்டு இருக்கப்போகும் குடும்பமும் பதினொன்று என்றே எழுதுகிறது. ஆறு மாதத் திட்டப்பணிக்கு வந்தவரும் அதையே எழுதுகிறார். இந்த எண்ணைக் குடியிருப்பவரின் வாக்குறுதியாகக் கருதி, அதை மீறியதற்குத் தண்டம் போடுவது அடித்தளத்திலேயே பிழையானது.

சட்டப்படி இங்கே மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்காமல் மாதாமாதம் வாடகை கொடுத்து இருப்பவர்கள் முதல் வகை. சென்னையில் இப்படி இருப்பவர்கள் ஏராளம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி, மாதக் குடித்தனத்தை எந்தத் தரப்பும் 15 நாள் முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம். இவர்களுக்கு ‘பாதியில் போவது’ என்ற பிரச்சினையே கிடையாது. ஒப்பந்தக் காலத்துக்குள் இருந்தாலும், ஒரு மாதமோ இரண்டு மாதமோ நோட்டீஸ் கொடுத்துப் போகலாம் என்று எழுதி வைத்திருப்பவர்கள் இரண்டாம் வகை. நோட்டீஸ் கொடுத்துவிட்டால் அவர்கள் எதையும் மீறவில்லை. காலம் குறித்து, முன்கூட்டியே போகும் வழி எழுதாமல், அல்லது குறித்த காலம்வரை போகக் கூடாது என்று லாக்-இன் விதியால் கட்டிப்போட்டு எழுதியிருப்பவர்கள் மூன்றாம் வகை. உண்மையான சிக்கல் இவர்களுக்குத்தான். 106ஆம் பிரிவின் 15 நாள் இவர்களுக்கு உதவாது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மட்டுமே அப்பிரிவு பேசுகிறது.

லாக்-இன் என்ற சொல் வணிகக் குத்தகைகளில் இருந்து வீட்டு வாடகைக்கு இறங்கி வந்தது. லட்சக்கணக்கில் செலவிட்டு உட்கட்டமைப்பு செய்து தரும் அலுவலகக் கட்டடத்துக்கு அதில் பொருள் உண்டு. மூன்று ஆண்டு லாக்-இன் என்று பதிவு செய்யாத தாளில் எழுதினால் அது எவ்வளவு செல்லும் என்பதும் கேள்விக்குரியது. பதிவு செய்ய வேண்டிய ஆவணத்தைப் பதிவு செய்யாவிட்டால், பதிவுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு அதைச் சான்றாக ஏற்கவிடாது. துணைநோக்கத்துக்கு மட்டும் பார்க்கலாம். குத்தகையின் கால அளவைத் துணைநோக்கம் என்று சொல்ல முடியாது.

4. இழப்பு எங்கே?

‘எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று’ என்ற வாதத்துக்கான நேரடி பதில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், 74ஆம் பிரிவில் இருக்கிறது. மீறினால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால், அத்தொகை மேல்வரம்பு மட்டுமே. அதைத் தாண்டாமல், நியாயமான இழப்பீடு எதுவோ அதைத்தான் பெறலாம். 1963இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவுபடுத்தியது. டெல்லியில் ஒரு பங்களா விற்பனை முறிந்தபோது, விற்றவர் 25,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். அதில் அச்சாரமாகத் தந்த 1,000 ரூபாயை மட்டும் வைத்துக்கொள்ளலாம், மீதி 24,000 ரூபாயைப் பிடித்துக்கொள்ள முடியாது என்றது தீர்ப்பு. ஏற்கெனவே கையில் வாங்கிவைத்த பணத்துக்கும் 74ஆம் பிரிவு பொருந்தும் என்பது அதன் முக்கியமான பகுதி. அட்வான்ஸும் அத்தகைய பணம்தான்.

2015 ஜனவரியில் வந்த கைலாஷ் நாத் வழக்கு இன்னும் நெருங்கி வருகிறது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982இல் ஏலம் விட்ட மனை; 3.12 கோடி ரூபாய்க்கு எடுத்தவர் முன்பணமாக 78 லட்சம் கட்டினார். பரிவர்த்தனை முறிந்து, ஆணையம் அந்த 78 லட்சத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னர் 1994இல் அதே மனை 11.78 கோடிக்குப் போனது. இழப்பே ஏற்படாதபோது இழப்பீடு எப்படி என்று உச்ச நீதிமன்றம் கேட்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. 15,000 ரூபாய் வீடு பத்தாம் நாளில் 16,500க்குப் போனதையும் இந்தத் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அளவுதான் வேறு, கேள்வி ஒன்றுதான்.

இதற்கு ஒரு வலுவான மறுவாதம் உண்டு. குத்தகை என்பது வெறும் ஒப்பந்தம் அல்ல, சொத்துரிமையின் ஒரு பகுதியைக் காலம் குறித்து மாற்றித் தருவது. பதினொரு மாத உரிமையை வாங்கியவர் அதைப் பயன்படுத்தினாலும் பூட்டி வைத்தாலும் வாடகை கடன்தான். கடனைக் கேட்பவர் இழப்பைக் காட்டத் தேவையில்லை. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு இதுதான். நம் சொத்து மாற்றுச் சட்டமும் குத்தகையை உரிமை மாற்றம் என்றே வரையறுக்கிறது. இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே சட்டத்தின் 111ஆம் பிரிவு, இரு தரப்பும் ஒப்பி உரிமையைத் திருப்பி ஒப்படைத்தால் குத்தகை முடிந்துபோகும் என்கிறது. அந்த ஒப்புதல் சொல்லாலும் இருக்கலாம், செயலாலும் இருக்கலாம். வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு, வேறொருவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டால், அந்த நொடியில் பழைய குத்தகை இல்லை. ஒரே வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு பேரிடம் வாடகை வாங்க உரிமை மாற்றக் கோட்பாடும் இடம் தராது. ஆகவே சாவி கைமாறும் நாள்தான் சட்டத்தின் கண்ணில் முக்கியமான நாள். நம் மக்கள் அந்த நாளில்தான் எதையும் எழுதி வாங்காமல் வண்டி ஏறுகிறார்கள்.

இந்தக் கோட்பாட்டு மோதலை நேருக்கு நேர் சந்தித்துத் தீர்த்த ஒரு வெளிநாட்டு வழக்கைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஹாக்கன்சாக் நகர அடுக்ககம் ஒன்றில், திருமணம் நிச்சயமான ஒரு மாணவர் 1972 மே முதல் இரண்டு ஆண்டுக்கு வீடு எடுத்தார். மாத வாடகை 345 டாலர். முன்பணமாக 690 டாலர் கட்டினார். குடிபுகுமுன்பே திருமணம் நின்றுபோனது. மே 19 அன்று வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினார்: வாடகை கட்ட வழியில்லை, கட்டிய பணத்தை விட்டுவிடுகிறேன், என்னை விடுவியுங்கள். வீட்டுக்காரர் பதிலே எழுதவில்லை. அதன்பின் வேறொருவர் வந்து அதே வீட்டைக் கேட்டபோது, அது ஏற்கெனவே வாடகைக்குப் போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். வீடு ஓராண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. 1973 செப்டம்பரில்தான் வேறு ஆள் வந்தார். இடைப்பட்ட காலத்துக்கு 5,865 டாலர் கேட்டு வழக்கு.

1977இல் மாநில உச்ச நீதிமன்றம், சோமர் எதிர் கிரிடெல் என்ற அந்த வழக்கில், பழைய சொத்துரிமைக் கோட்பாட்டைக் கைவிட்டது. குடியிருப்பு வாடகை நடைமுறையில் ஓர் ஒப்பந்தமே. காலியான வீட்டை மறுபடி வாடகைக்கு விட வீட்டுக்காரர் நியாயமான முயற்சி எடுத்தாக வேண்டும். அப்படி எடுத்தார் என்று நிரூபிக்க வேண்டிய சுமையும் அவருடையதே என்றது. மாணவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று முடிந்தது. நியூயார்க் மாநிலம் இதே கடமையைச் சட்டமாக எழுத 2019 வரை ஆயிற்று.

இந்தியாவில் அந்தக் கடமைக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பு, இழப்பைக் கணக்கிடும்போது அதைத் தவிர்க்கக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது. நம்மிடம் நடைமுறையில் இல்லாதது நியூ ஜெர்சி தீர்ப்பின் இரண்டாம் பாதி: நிரூபிக்கும் சுமை. ஏட்டளவில் நம் சட்டத்திலும் இழப்பைக் கோருபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. பணம் ஏற்கெனவே வீட்டுக்காரரிடம் இருப்பதால், வழக்குப் போட வேண்டியவர் குடியிருந்தவர். 40,500 ரூபாய்க்காகத் திருநெல்வேலியில் இருந்து சென்னைக்கு வாய்தாவுக்கு வருபவர் யார்?

5. ஆடி மாதக் கணக்கு

நியாயமான முயற்சி, நியாயமான காலம் என்பவை ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் அதை அளக்க வேண்டுமானால் பஞ்சாங்கத்தையும் பள்ளி ஆண்டையும் கையில் எடுக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பத்தினர் வீடு மாற மாட்டார்கள். ஆனி முடிவில் காலியான வீடு ஆவணி பிறக்கும்வரை பூட்டியே கிடக்கலாம். அது வீட்டுக்காரரின் அலட்சியம் ஆகாது. மே மாதம் காலியான வீடோ பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையை ஒட்டிச் சில நாளில் நிரம்பிவிடும். ஒரே ‘இரண்டு மாத வாடகை’ தண்டம் ஆடியில் வீட்டுக்காரரின் இழப்புக்கு நெருங்கிய தொகையாகவும், மே மாதத்தில் அதைப் பல மடங்கு மிஞ்சிய தொகையாகவும் இருக்கும். ஒரே எண்ணை எல்லா மாதத்துக்கும் எழுதிவைப்பது ஏன் நியாயமான முன்மதிப்பீடு ஆகாது என்பதற்கு இதைவிட உள்ளூர்ச் சான்று வேண்டியதில்லை.

வீட்டுக்காரரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் வாடகைக்கு விடுபவர்கள் எல்லோரும் பெருஞ்செல்வர்கள் இல்லை. ஓய்வூதியம் இல்லாமல், மேல்மாடியைக் கட்டி அதன் வாடகையில் மருந்து வாங்குபவர்கள் உண்டு. வீட்டுக்கடன் தவணையை வாடகையில் கட்டுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடப்பது உண்மையான அடி. புதிய ஆளைத் தேட புரோக்கருக்குக் கொடுத்தது, பூட்டிய மாதத்தின் மெயின்டனன்ஸ் ஆகியவை கழிக்கத் தக்க செலவுகளே. பெயின்டிங் அப்படியல்ல. அதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

‘உங்களுக்குப் பதிலாக ஒரு ஆளைக் கொண்டுவாங்க, முழு அட்வான்ஸையும் தந்துடறேன்’ என்பது நம்மூரில் அடிக்கடி நடக்கும் சமரசம். கேட்க நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில் அது எங்கே முட்டுகிறது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்த ஆளை, அசைவம் சமைப்பவர், வேற்று மதத்தவர், தனியாக இருக்கும் பெண் என்று வீட்டுக்காரர் மறுத்துவிடுகிறார். சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்டு மறுப்பதும் உண்டு. வாடகை கொடுக்கத் தகுதியுள்ள ஒருவரைத் தம் விருப்பு வெறுப்பால் மறுத்து வீட்டைப் பூட்டி வைப்பவர், அந்தப் பூட்டிய மாதத்தின் வாடகையை வெளியேறியவரின் அட்வான்ஸில் கழிக்க முடியுமா? 73ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பை நேர்மையாகப் படித்தால் முடியாது. ஹாக்கன்சாக் வீட்டைக் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பாகுபாட்டின் விலையை, அதில் எந்தப் பங்கும் இல்லாத மூன்றாமவர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

6. வெள்ளமும் ஊரடங்கும்

குடியிருப்பவரின் தவறோ விருப்பமோ இல்லாமல் வீடு வாழத் தகாததாகிவிட்டால்? 2015 டிசம்பர் முதல் வாரத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் கோட்டூர்புரத்திலும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது இந்தக் கேள்வி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு முன் நின்றது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் வீட்டின் முக்கியப் பகுதி அழிந்தாலோ, நிலையாகப் பயன்படாமல் போனாலோ, குடியிருப்பவர் விரும்பினால் குத்தகையை ரத்தானதாகக் கொள்ளலாம் என்கிறது. ‘நிலையாக’ என்ற சொல்லில்தான் சிக்கல். வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். சேற்றை வழித்து, சுவரைக் காயவிட்டால் வீடு வீடுதான். அடுத்த மழைக்கு அதே வீட்டில் பிள்ளைகளோடு படுக்க முடியாது என்ற அச்சத்துக்கு இந்தப் பிரிவில் இடமில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, நிறைவேற்ற இயலாமல் போன ஒப்பந்தங்களை ரத்தாக்கும். ஆனால் உரிமை மாறிவிட்ட குத்தகைக்கு அது பொருந்தாது என்று 1968இலேயே ராஜா துருவ் தேவ் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020 ஊரடங்கில், டெல்லி கான் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒருவர் வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டபோது, டெல்லி உயர் நீதிமன்றம் இதே வழியில் மறுத்தது. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, அவர்களையும் மாணவர்களையும் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று ஆணையிட்டது. இங்கும் சட்டத்தின் கற்பனையில் இருந்தவர் வெளியேற்றப்படுபவரே. வீட்டில் இருந்தே வேலை என்று ஊருக்குப் போய்விட்டு, பூட்டிய சென்னை வீட்டுக்கு மாதக்கணக்கில் வாடகை கட்டியவர்களைப் பற்றி அந்த ஆணையில் ஒரு சொல்லும் இல்லை.

7. 2017 சட்டத்தின் மௌனம்

1960 சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து வடிவ ஒப்பந்தம் கட்டாயம். பதினொரு மாதமோ பதினொரு ஆண்டோ, அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பழைய பதினொரு மாதத் தந்திரத்தால் இந்தப் பதிவில் இருந்து தப்ப முடியாது. ஆனாலும் தட்டச்சுக் கடைகளில் அந்த எண் இன்னும் ஆட்சி செய்கிறது.

அட்வான்ஸ் பற்றி இச்சட்டம் சொல்வது: மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பாக்கிகளைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும். ஆனால் மூன்று மாத வரம்புக்கு முன்னால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை என்ற சொற்கள் நிற்கின்றன. அதாவது, பத்து மாதம் என்று இருவரும் எழுதிக்கொண்டால் வரம்பு இல்லை. 1960இல் ஒரு மாதம் என்று கண்டிப்பாக இருந்த விதி, 2017இல் மூன்று மாதமாக உயர்ந்ததோடு விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவுக்குத் தளர்ந்தும்விட்டது. இருவரின் உரிமைகளையும் முறைப்படுத்த வந்த சட்டத்தில் நிகழ்ந்த இந்தப் பின்வாங்கலுக்கு வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். 2021இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்கிறது.

இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில்தான் பெயின்டிங் கேள்விக்கு விடை இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது உரிமையாளரின் பொறுப்புப் பட்டியலில் உள்ளது. குழாய் வாஷர், சுவிட்ச் போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவருடையவை. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதாதவரை, வழக்கமாகப் பிடிக்கும் ஒரு மாதப் பெயின்டிங் காசுக்குச் சட்டத்தின் துணை இல்லை. இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்று 1882 சட்டமே சொல்லியிருக்கிறது. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் நாள்காட்டி மாட்ட ஓர் ஆணி இருக்கத்தான் செய்யும்.

முன்கூட்டியே வெளியேறுவதைப் பற்றி இச்சட்டம் எங்கே பேசுகிறது? வாழத் தகாத நிலையில் உள்ள வீட்டைச் சீர்செய்ய எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற இடத்தில். வேலை மாற்றம், நோய், சாவு, திருமணம், மணமுறிவு என்று மனிதர்கள் வீடு மாறும் காரணங்கள் தனித்தனியாகக் குறிப்பிடப்படவில்லை. உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெறும் காரணங்களையோ அது ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறது. 1941இன் பிம்பம் 2017இலும் கலையவில்லை.

ஜெர்மனியில் காலவரையற்ற குடித்தனத்தை வாடகைதாரர் காரணமே சொல்லாமல் மூன்று மாத நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இதைச் சட்டத்தைவிட வழக்கமே செய்திருக்கிறது. அங்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் கையெழுத்திடும் இரண்டு ஆண்டு ஒப்பந்தங்களில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ என்ற விதியைச் சேர்க்கச் சொல்லி மூத்தவர்கள் முதலிலேயே அறிவுறுத்துவார்கள். ஓராண்டு முடிந்தபின் வேலை போனாலோ வேறு நாட்டுக்கு மாற்றல் வந்தாலோ, சான்று காட்டி இரண்டு மாத நோட்டீஸில் போகலாம். உரிமையாளர் புரோக்கருக்குக் கொடுத்ததில் மிச்சக் காலத்துக்கான பங்கை மட்டும் ஈடுகட்ட வேண்டும். எவ்வளவு காலம், எந்தக் காரணம், எந்தச் செலவு என்று மூன்றும் முன்கூட்டியே தெரிகின்றன. சாவி கைமாறும் நாளில் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் சேர வேண்டியவை என்று நான் கருதுபவை பெரிய மாற்றங்கள் அல்ல. மூன்று மாத வரம்பின் முன்னால் உள்ள விலக்குச் சொற்களை எடுத்துவிடுவது. ஒரு மாத நோட்டீஸில் வெளியேறும் உரிமையை எல்லா வீட்டு ஒப்பந்தங்களுக்கும் பொதுவாக்குவது. கழிக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீதோடு கணக்குத் தரும் கடமையை உரிமையாளர்மீது வைப்பது. வீடு மறுபடி வாடகைக்குப் போன நாளுக்குப் பின் எதையும் கழிக்க முடியாது என்று எழுதுவது. கடைசி இரண்டும் ஒப்பந்தச் சட்டத்தில் ஏற்கெனவே உறங்குபவை. வாடகை அதிகாரியின் மேசையில் அவற்றைக் கொண்டுவந்து வைத்தால், வாய்தாவுக்கு அலையாமல் தீரும்.

8. லீஸ் வீடு

இதுவரை பேசியது மாத வாடகை. தமிழ்நாட்டில் ‘லீஸ்’ என்று மக்கள் சொல்வது வேறொன்றை. ஊர்ப்பக்கம் ஒத்தி, போக்கியம். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டு இருந்து, போகும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது. கொரியாவின் ஜொன்சே முறையும் இதுதான். அங்கே தானாகப் புதுப்பிக்கப்பட்ட குடித்தனத்தை எப்போது வேண்டுமானாலும் அறிவித்து, மூன்று மாதத்தில் முடித்துக்கொள்ளச் சட்டம் உண்டு. பணத்தைத் திருப்பித் தராத மோசடிகள் பெருகியபோது 2023இல் தனிச் சட்டமும் இயற்றினார்கள்.

நம் ஒத்தி, சட்டத்தின் பார்வையில் வாடகையே அல்ல. அது அனுபவ அடமானம். பதிவு செய்த ஆவணத்தால் மட்டுமே செல்லும். நடைமுறையில் அதையும் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் போல ஒரு முத்திரைத்தாளில் எழுதி, லட்சங்களைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். முறையாகப் பதிவு செய்த அனுபவ அடமானத்திலும், தனியே வாக்குறுதி இல்லாவிட்டால், பணம் கொடுத்தவர் அதைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடுவது கடினம். சொத்தை வைத்திருப்பதே அவருக்கு உள்ள பாதுகாப்பு. பாதியில் வீட்டை விட்டுப் போனால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

வாங்கிய தொகையைப் பெரும்பாலும் வீட்டுக்காரர் கட்டடத்திலோ மகள் திருமணத்திலோ செலவழித்திருப்பார். ‘அடுத்த லீஸ் ஆள் வந்தா தர்றேன்’ என்பதே அவர் தரக்கூடிய உண்மையான பதில். எங்கள் தெருவில் சென்ற ஆண்டு ஒரு வீட்டு வாசலில் ‘லீஸுக்கு’ என்று அட்டை தொங்கியது. அதில் எழுதியிருந்த கைபேசி எண் குடியிருந்தவருடையது. வேலை கோயம்புத்தூருக்கு மாறிவிட்டது. அவர் அங்கே போய்விட்டார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இங்கே இருந்துகொண்டு, ஞாயிறுதோறும் வருபவர்களுக்கு அடுப்படியையும் குளியலறையையும் திறந்து காட்டினார்கள். குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டவர்களுக்கு அந்த அம்மா திறந்துவிட்டுக் காட்டுவார். புதியவரிடம் இருந்து பணம் நேராக இவர்கள் கைக்கு வந்து, வீட்டுக்காரர் புதுத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் இவர்கள் போக முடியும். ஆடி நடுவில் வந்தது. அட்டை ஐந்தாம் மாதம்தான் இறங்கியது.